ஜோபர்க் குளிரில் மரக் கிட்டார்: காய்ந்த காற்று நல்லதா, கெட்டதா?

2023 மே 12 (மிட்ராண்ட் வாசகர் ஒருவரின் கேள்வி)

டர்பனின் பீனிக்ஸிலிருந்து ஜோபர்க் (ஜொகன்னஸ்பர்க்) பக்கத்து மிட்ராண்டுக்கு வேலை மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. கிட்டாரையும் கொண்டுவந்துவிட்டேன். மேற்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்ப்ரூஸ் மரம். டர்பனில் எல்லோரும் ஈரம்தான் மரத்துக்கு எமன் என்பார்கள். இங்கே துணி அரை நாளில் காய்கிறது. அப்படியானால் கிட்டாருக்கு இது நல்ல ஊர்தானே? ஆனால் இரண்டு வாரமாகக் கம்பிகள் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) உரசிக் கரகரக்கின்றன. கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டினால் ஏதோ கீறுகிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகினால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். திருகலாமா, அண்ணா?

2023 மே 13

திருகாதீர்கள், தம்பி. கழுத்தின் மேல் குற்றம் இல்லை.

கையைக் கீறுவது ஃப்ரெட்டின் முனை. அது வளரவில்லை, அதைத் தாங்கும் விரற்பலகை குறுக்குவாக்கில் சுருங்கிவிட்டது. கரகரப்புக்கும் காய்ந்த காற்றுதான் காரணம். மேற்பலகை தட்டையாகத் தெரிந்தாலும் லேசான குவிவோடுதான் செய்திருப்பார்கள். காய்ந்தால் குவிவு அமுங்கும், அதன்மேல் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் இறங்கும், கம்பிகளும் கூடவே இறங்கி ஃப்ரெட்டில் உட்காரும். ஓர் எஃகு அளவுகோலைப் பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தி வையுங்கள். நடுவில் முட்டி இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடினால் பலகை நலம். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது என்று பொருள். இப்போது திருகிச் சரிசெய்தால், அக்டோபரில் மழை வந்து பலகை எழும்பும்போது மறுபடி திருக வேண்டியிருக்கும்.

ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை மழை அபூர்வம். பிற்பகலில் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். கிட்டார் செய்பவர்கள் கேட்பது 45 முதல் 55. டர்பனிலோ கோடையில் 75, 80 என்று நிற்கும். உங்கள் கிட்டார் ஒரே நாளில் 570 கிலோமீட்டர் காரில் வந்து தன் ஈரத்தில் பாதியைப் பறிகொடுத்திருக்கிறது.

நான் டர்பன் துறைமுகத்தில் 22 ஆண்டு கப்பல் சரக்கறைகளில் ஈரம் அளந்தவன். அரிசி மூட்டை வியர்ப்பதையும் கப்பல் கூரை வியர்ப்பதையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன். என் வழி மிக எளிது: டர்பன் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் சோப்பு டப்பா, அதில் பத்துத் துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு. பெட்டியில் தலைப்பக்கம் ஒன்று, உடல்பக்கம் ஒன்று. கூடவே முள் வைத்த வட்ட ஈரமானி. முள் 46-ல் நிற்கிறது. குளிர்காலமோ கோடையோ அசைவதே இல்லை.

2023 மே 14

பெட்டிக்குள் உருளைக்கிழங்குத் துண்டு வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வைக்கலாம். மூன்றாம் நாள் பூசணம், ஐந்தாம் நாள் எறும்பு. கிழங்கைப் பொரியலுக்கு விட்டுவிடுங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி கிட்டாருக்குப் பக்கத்தில் வைப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். கிண்ணத்திலிருந்து எழும் ஆவி அறை முழுக்கப் பரவி ஜன்னல் இடுக்கில் போய்விடும்.

2023 மே 20

ஒரு திருத்தம். வேறொருவருக்குப் பதில் சொல்லும்போது "எந்த அடுப்பு வைத்தாலும் அறை காயும்" என்று எழுதிவிட்டேன் (சமையல் அடுப்பு அல்ல, குளிருக்கு அறையைச் சூடேற்றும் அடுப்பு). லெனேசியாவிலிருந்து ஓர் அக்கா காதைத் திருகியிருக்கிறார். புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பு அறைக்குள்ளேயே நீராவியை விடுகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீர் உண்டாகும். பள்ளிக்கூட வேதியியல், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் வீட்டு ஜன்னல்கள் காலையில் வடிவதற்கும் இதுவே காரணம். மின்சாரக் கம்பி அடுப்பு ஒரு துளி நீரும் தராது. வெப்பத்தை மட்டும் ஏற்றும்.

அதற்காகக் கிட்டாரை எரிவாயு அடுப்பருகே வைக்காதீர்கள். புகைபோக்கி இல்லாத அடுப்பு எரியும் அறையில் ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். கிட்டாரைவிட மூச்சு முக்கியம்.

2023 ஜூன் 9

அடுப்பு ஏன் காய வைக்கிறது என்பதை எண்களோடு எழுதச் சொன்னார் தம்பி. மிட்ராண்டில் விடிகாலை 5 டிகிரி, வெளியே ஈரப்பதம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 என்றால் நல்ல எண்ணாகத் தெரியும். ஆனால் 5 டிகிரிக் காற்றால் பிடித்து வைக்க முடிகிற நீரே கொஞ்சம். ஒரு கன மீட்டரில் 7 கிராம்கூட இல்லை. அதில் 60 விழுக்காடு என்றால் 4 கிராம். அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து 22 டிகிரிக்குச் சூடானால் அதன் கொள்ளளவு 19 கிராமுக்கு மேல் விரிகிறது. நீர் அதே 4 கிராம்தான். ஈரப்பதம் 20 விழுக்காடு ஆகிவிட்டது. யாரும் நீரைத் திருடவில்லை, பாத்திரம் பெரிதாகிவிட்டது.

அறை முழுவதையும் ஈரப்படுத்துவது எனக்குப் பிடிக்காத வழி. காற்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் இயந்திரம் நீரைக் கக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுபோகும், இந்த ஆண்டு வெட்டுக்குக் குறைவில்லை. பெட்டியைப் பாருங்கள்: உள்ளே இருக்கும் காற்று நூறு லிட்டருக்கும் குறைவு. அதைத் திருத்த அரைக் கிராம் நீர்கூட வேண்டாம்.

அப்படியானால் ஸ்பாஞ்சு ஏன் நான்கு நாளில் காய்ந்துவிடுகிறது என்று கேட்பீர்கள். குடிப்பது மரம். கிட்டாரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மரம் இருக்கிறது. 75 விழுக்காட்டில் பழகிய மரத்தில் அதன் எடையில் 14 விழுக்காடு நீர் இருக்கும், 20-ல் நான்கரை. வித்தியாசம் நூறு கிராமுக்கு மேல், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அவ்வளவும் போனால், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை, தடுப்பார் இல்லையென்றால், 5 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். கிட்டாரில் தடுப்பார் உண்டு: உள்ளே குறுக்காக ஒட்டிய விலாக்கட்டைகள். மரம் நீளவாக்கில் சுருங்காது. ஆகவே விலா அசையாமல் நிற்கும், பலகை சுருங்கத் துடிக்கும். எங்கே பலவீனமோ அங்கே வாய் பிளக்கும்.

வெளியே பூசிய பாலிஷை நம்ப வேண்டாம். உள்பக்கம் வெறும் மரம். ஒலித்துளை ஒரு திறந்த கதவு.

2023 ஜூலை 3, மிட்ராண்ட், மகள் வீடு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தோம். பேத்தி வாசிக்கிறாளே என்று கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வரவேற்பறையில் நிறுத்திவைத்தேன். இரண்டு இரவு. மாப்பிள்ளை மின்சார அடுப்பைப் போட்டார். எனக்குப் பயமே இல்லை: ஈரமானியைக் கிட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், முள் 44-ல் நின்றது.

நேற்றிரவு மூன்று மணி இருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். தீக்குச்சியை ஒடித்தது மாதிரி. பல்லி என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். காலையில் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தேன்: பிரிட்ஜின் கீழ்விளிம்பிலிருந்து வால்பக்கம் நோக்கி, பலகையின் இரு பாதிகளும் ஒட்டிய நடுத் தையலுக்கு இரண்டு விரல் தள்ளி, தலைமுடி அகலத்தில் ஒரு கோடு. நகத்தால் தடவினால் நகம் சிக்குகிறது. அளந்தேன்: 11 சென்டிமீட்டர்.

"ஆயா, தாத்தா கிட்டாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்" என்று பேத்தி சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

2023 ஜூலை 4

மிட்ராண்ட் தம்பி இன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தார். இவ்வளவு அறிவுரையும் கேட்டு ஸ்பாஞ்சு வைத்த அவருடைய கிட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதுதான் அதிகம் வலித்தது.

2023 ஜூலை 6

உப்புச் சோதனை செய்தேன். கடையில் ஈரமானியை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டியது. பாட்டில் மூடி நிறையச் சமையல் உப்பு, அதில் சில துளி நீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி குழைய வேண்டும். மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஒரு பையில் போட்டு மூடி, வெயில் படாமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 விழுக்காட்டில் பிடித்து வைக்கும். எந்த ஊரிலும் அப்படித்தான்.

என் முள் காட்டியது 52.

ஆக, 75 இருக்கும் இடத்தில் 52 என்கிறது. 20-க்குப் பக்கத்தில் இருந்திருக்கக்கூடிய வரவேற்பறையில் 44 என்றது. எந்தச் சூழலிலும் நாற்பதுகளைத் தாண்டி அதிகம் நகரத் தெரியாத முள். "அசைவதே இல்லை" என்று மே மாதம் பெருமையாக எழுதினேன் அல்லவா? அசையாத முள்ளைக் கண்டு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் மாதம் ஒருமுறை கருவிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டில் கையெழுத்துக் கேட்க ஆள் இல்லை.

மே 13 குறிப்பில் ஸ்பாஞ்சு பற்றிச் சொன்னது செல்லும். முள்ளைப் பற்றிச் சொன்னதை அடித்துவிடுங்கள்.

2023 ஜூலை 8

புதிதாக மின்கலத்தில் ஓடும் எண்காட்டி ஈரமானி ஒன்று வாங்கினேன். உப்புப் பையில் 78 காட்டியது. மூன்று கழித்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருந்தேன்; லெனேசியா அக்கா மறுபடியும் பிடித்துவிட்டார். 75-ல் மூன்று கூடுதல் என்றால் 45-லும் மூன்று கூடுதல் என்று யார் சொன்னது என்கிறார். சரிதான். ஓரளவுக்குத்தான் நம்பலாம். இரண்டு எண்காட்டி வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்க்கிறேன் இப்போது. இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் அது என் விதி.

2023 ஜூலை 29, சாட்ஸ்வொர்த்

ஓவர்போர்ட் பக்கம் ஒரு பழுதுபார்ப்பவர் இருக்கிறார்; வயலின், சிதார், கிட்டார் எல்லாம் கை வைப்பார். கீறலைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "பசை ஏதாவது ஊற்றினாயா?" இல்லை என்றேன். "எண்ணெய்?" எலுமிச்சை எண்ணெய் கொஞ்சம் தடவினேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கீறலில் எண்ணெய் இறங்கினால் பிறகு பசை பிடிக்காதாம்.

அவர் செய்தது ஒன்றுமில்லை, இரண்டு வாரத்துக்கு. கம்பிகளைத் தளர்த்தி, கிட்டாரைப் பெட்டியில் ஸ்பாஞ்சோடு பூட்டிவைத்தார். கீறல் தானே மூடும்வரை காத்திருக்க வேண்டும்; திறந்த வாயில் பசை நிரப்பினால் மரம் திரும்ப விரியும்போது இடமில்லாமல் பக்கத்தில் வேறொரு கீறல் போடும். நான் பொறுமையில்லாமல் ஒரு வேலை செய்தேன். முதல் நாளே கிட்டாரைச் சமையலறைத் தராசில் வைத்து எடை எடுத்துக்கொண்டுதான் அவரிடம் கொடுத்திருந்தேன்: 1,912 கிராம். பதினைந்து நாள் கழித்து அதே தராசை அவர் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனேன்: 1,968. 56 கிராம் நீர் குடித்திருக்கிறது. கீறலைத் தேடினேன், கண்ணில் படவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் மெல்லிய நிழலாகத் தெரிந்தது.

அதன் பிறகு பசையை விரலால் தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்கினார். ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, தபால்தலையைவிடச் சிறிய ஸ்ப்ரூஸ் தகடுகள் நான்கைக் கீறலுக்குக் குறுக்காக உள்ளிருந்து ஒட்டினார். கையில் பாதி உள்ளே, முகம் கூரையைப் பார்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பவரைப் போல இருந்தது.

தராசைத் திருப்பிக் கொண்டுவந்தபோது மனைவி மாவு அளக்க வேறு தராசு வாங்கிவிட்டிருந்தார். நல்லதாயிற்று. மரத்தின் ஈரத்தை நேராகச் சொல்லும் ஒரே கருவி இப்போது எனக்குச் சொந்தம். ஒரே கம்பி செட், ஒரே தராசு. வாரம் ஒருமுறை எடை. ஈரமானி காற்றைத்தான் அளக்கிறது. தராசு மரத்தையே அளக்கிறது.

2023 ஆகஸ்ட் 19

விஷயம் கொஞ்சம் விலகிப் போகிறது. மாமனார் வீட்டு அலமாரிக்கு மேலே இருந்த பழைய காலோடோன் கிட்டாரை இறக்கினேன். டர்பனில் ஜேக்கப்ஸ் பகுதியில் இருந்த காலோ நிறுவனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கிட்டார்கள் அவை; மெரிபேங்க், கிளேர்வுட் பையன்களின் முதல் கிட்டார் பல வீடுகளில் அதுவாகத்தான் இருந்தது. ஜான் லெனனின் முதல் கிட்டாரும் ஒரு காலோடோன் சாம்பியன். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில், பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்த நாளில், அவர் கையில் இருந்தது நம்மூர்ச் சரக்கு.

அதன் உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 'பிளக்காது என உத்தரவாதம்' என்ற பொருளில் ஆங்கில வாசகம். வீண் பெருமை அல்ல அது. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த அடுக்குகளின் இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒன்று சுருங்க நினைத்தால் மற்றொன்று விடாது. ஓசையில் உயிர் குறைவு, ஆயுள் கெட்டி. மாமனாருடையது அலமாரி மேல் எத்தனையோ கோடையையும் குளிரையும் பார்த்துவிட்டு, தூசி தட்டியதும் சிரிக்கிறது. ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து வாங்கிய என்னுடையது தையல் போட்டுப் படுத்திருக்கிறது.

மிருதங்கக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் தோலோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள்.

2023 நவம்பர் 25

டர்பன் வாசகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், எல்லாம் ஜோபர்க்காரர்களுக்கே எழுதுகிறேன் என்று. சரி.

நமக்குத் தலைகீழ். பலகை வீங்குகிறது, பிரிட்ஜ் எழும்புகிறது, கம்பி உயர்ந்து விரல் நோகிறது, ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி அமுங்குகிறது. என்னுடையதில் 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் ஆகஸ்டில் 2.4 மில்லிமீட்டர், இன்று 3.1. கம்பி உட்காரும் எலும்புப் பட்டையை இரண்டாகச் செய்து வைத்திருக்கிறேன். கோடைக்குக் குட்டை, குளிருக்கு நெட்டை. மாற்றப் பத்து நிமிடம்.

சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்சுக்குப் பதில் இப்போது சிலிக்கா ஜெல். அதையும் கண்மூடித்தனமாக வைக்க வேண்டாம். எனக்கு முதல் வாரமே 38-க்கு இறக்கிவிட்டது. இருபக்கமும் வேலை செய்யும் போவேடா பொட்டலங்கள் இருக்கின்றன, கருவிகளுக்கென்று 49 விழுக்காடு எண் போட்டவை. உள்ளே இருப்பது உப்புக் கரைசல்தான். என் உப்புப் பையின் பணக்காரச் சகோதரன். ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விடும். நல்ல பொருள், விலை நோகும். கெட்டியாகிவிட்டால் குப்பைக்குப் போகும். ஏசி ஓடும் அறை ஈரத்தை இறக்கும் என்பது உண்மை, ஆனால் இரவில் ஓட்டி பகலில் நிறுத்தினால் மரம் தினமும் ஏறி இறங்கும். அதற்கு மூடிய பெட்டியே மேல்.

பூசணத்துக்குக் காற்றோட்டம். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் வாசியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இசிபிங்கோவில் மைத்துனர் வீட்டில் ஆர்மோனியம் நீரில் நின்றது. துருத்தித் தோல் தனியே கழன்று வந்தது. அதற்கு எந்தப் பொட்டலமும் உதவாது.

2024 ஜனவரி 28

தைப்பூசம் முடிந்தது. உம்கேனி சாலைக் கோயிலில் காவடிப் பாட்டுக்குக் காலோடோனைத்தான் எடுத்துப் போனேன். குழுவில் ஒரு பையன் புதுக் கிட்டாரைக் காரின் பின்பெட்டியில் வைத்து வெயிலில் பூட்டிவிட்டு அன்னதானத்துக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது பெட்டியைத் தொட முடியவில்லை. பூட்டிய கார் உள்ளே 60 டிகிரியைத் தொடும், பசை இளகும், கம்பிகளோ மொத்தமாக 70 கிலோவுக்குக் குறையாமல் பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரிட்ஜின் பின்னால் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. அதிகம் திட்டவில்லை. எனக்கும் ஒரு ஜூலை உண்டு.

2024 ஜூன் 30, ஹாரிஸ்மித்

மிட்ராண்ட் போகும் வழியில் பெட்ரோல் போட நின்றோம். வெளியே பல் கிட்டுகிறது. இரண்டு கிட்டார் காருக்குள், பின்பெட்டியில் அல்ல. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கப் போவதில்லை. குளிர்ந்த மரத்தைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் பாலிஷ்கூட வெடிக்கும். கப்பலில் இதே விதியை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! இரவு முழுக்கப் பெட்டி மூடியே கிடக்கட்டும்.

2024 ஜூலை 2, மிட்ராண்ட்

தராசையும் கொண்டுவந்தேன். டர்பனில் புறப்படும்போது 1,971. இன்று காலை 1,969. பெட்டிக்குள் இரண்டு எண்காட்டிகளும் 48, 49. வெளியே வரவேற்பறையில் 23.

தம்பி மாலையில் வருகிறார், தன் கிட்டாரையும் எடை போட. பேத்தி காலோடோனை எடுத்துக்கொண்டாள். அடுப்புக்கு நேரெதிரே, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள்.